ஸ்டெபிலைசர் முள்

பீளமேட்டில் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. தன் வீட்டாரோடு தெலுங்கிலும் எங்களோடு தமிழிலும் பேசுவார். என் கணவருக்கு மில்லில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். நான் முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கம்ப்யூட்டர் இருந்ததாக நினைவில்லை.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் திடீரென்று புழுதிக்காற்று கிளம்பிக் கரண்ட் போனது. திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர்தான் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் கிளம்பும், டிஸ்க் கரகரவென்று அரைக்கும், எழுத்துகள் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். மறுநாள் ஒரு பெண்ணின் ஆய்வேட்டை நான் கொடுத்தாக வேண்டும். கடைசி அத்தியாயத்தை இன்னும் பிளாப்பியில் ஏற்றியிருக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"உள்ள ராம்னு ஒரு சின்ன கார்டு இருக்குமுங்க மேடம், அதுல தூசி சேந்திருக்கும். பிளக்கப் புடுங்கிப்போட்டு, அதக் கழட்டி, அழிரப்பர்ல தொடச்சு மாட்டிப் பாருங்க."

அப்படியே செய்தேன். மூடியைப் பழையபடி மாட்டிப் பிளக்கைச் செருகி, தகரப் பெட்டியின் மேல் கை வைத்தபோது உள்ளங்கையில் சுருக்கென்றது. கையை உதறிக்கொண்டு மறுபடி போன் செய்தேன்.

"கம்ப்யூட்டர்னா லேசா அப்படி இருக்குமுங்க. செருப்புப் போட்டுக்குங்க" என்றார் அவர்.

செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. கடைசி அத்தியாயம் திரையில் வந்ததும் பிளாப்பியை எடுக்கக் கை நீட்டினேன். அந்த நேரம் சுவருக்கு அந்தப்புறம் அக்காவின் கிரைண்டர் கடகடவென்று கிளம்பியது. தலைக்கு மேல் ஃபேன் விர்ரென்று வேகமெடுத்தது. சாமி படத்துக்கு முன்னால் இருந்த சின்ன பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மேசைக்கடியில் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்தது. குனிந்து பார்த்தால், அதன் வோல்டேஜ் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. திரை அணைந்தது.

கிரைண்டர் நின்றது. ஃபேன் பழையபடி சுற்றியது, முள்ளும் இறங்கியது.

கொல்லைப்புறச் சுவரருகே அக்காவின் குரல் கேட்டது. "ஏனுங்க அம்மணி, உங்கூட்ல லைட்டு நல்லா எரியுதுங்களா? எங்கூட்ல கிரைண்டர் போட்டா மங்கிப்போகுதுங்க. கல்லு சுத்தவே மாட்டேங்குது."

"எங்கூட்ல பளீர்னு எரியுதுங்கக்கா."

"அதென்ன கூத்துங்க! பாதி மாவு கல்லுலயே கெடக்குது. இன்னொருக்காப் போட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரே கம்பத்திலிருந்து வரும் கரண்ட், அங்கே மங்குகிறது, இங்கே கூடுகிறது. கணவரைத் தட்டி எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர் டெஸ்டரை எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்தார். அதற்குள் இருந்த சின்ன விளக்கு மங்கலாகச் சிவந்தது. ஃபிரிட்ஜின் கைப்பிடியில் வைத்தார். அங்கேயும் சிவந்தது.

"எல்லாத்துலயும் கரண்ட் எறங்குது. எதையும் தொட்டுப்போடாத" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது. டெஸ்டர் விளக்கு பிரகாசமானது. ஃபேன் அலறியது. அந்தப்புறம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அக்கா "அம்..." என்றார். பாதியில் குரல் நின்றுவிட்டது. கல் மட்டும் இழுத்து இழுத்துச் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கணவர் வாசலுக்கு ஓடினார். இரண்டு வீட்டு மெயின் சுவிட்சும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் பிடித்துக் கீழே இழுத்தார். எல்லாச் சத்தமும் ஒன்றாக நின்றது. அந்த அமைதியில் பக்கத்து வீட்டுத் தரையில் ஓர் உடம்பு சரிந்து விழுவது கேட்டது.

நாங்கள் போனபோது அக்கா கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடந்தார். முழங்கை வரை மாவு. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கணவர் தோளைப் பிடித்து உலுக்கியபோது நீளமாக மூச்சை இழுத்தார். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவர், "கைய உட மாட்டேங்குதுங்க, உட மாட்டேங்குதுங்க" என்று ஆஸ்பத்திரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அப்புறம் சரியாக மடங்கவில்லை.

சாயங்காலம் லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினார். எங்கள் இரண்டு வீட்டுக் கரண்டும் திரும்பிப் போக வேண்டிய பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்து தொங்குவதை மேலேயிருந்து காட்டினார். காற்றில் அறுந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் வெவ்வேறு பேஸ், அதனால்தான் அங்கே மங்கும்போது இங்கே கூடியது என்றார். பிறகு இறங்கி வந்து இரண்டு வீட்டு ஸ்விட்ச் போர்டையும் கழற்றினார். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியே எந்த வீட்டிலும் கிடையாது. பிளக் பாயின்டில் எர்த் போக வேண்டிய துளையை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். நியூட்ரல் அறுந்ததும் போக வழியில்லாத கரண்ட் அந்த முடிச்சு வழியாக ஒவ்வொரு தகரத்திலும் ஏறியிருக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரரும் வந்து நின்றார். லைன்மேன் காட்டியதையெல்லாம் பார்த்தார்.

"ஊடு கட்டுன நாள்லருந்து இப்படித்தானுங்க இருக்குது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலீங்களே" என்றார்.

ஆய்வேட்டுக்காரப் பெண் மறுநாள் வந்தாள். டிஸ்க் போய்விட்டது என்றேன். கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனாள். ஆவணி பிறந்ததும் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். வீட்டுக்காரர் அதற்குள் எர்த் குழி தோண்டியிருக்கவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பின் குடிவரப்போகிறவர்கள் வாசலில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் அவர்களைப் போர்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று விசாரித்தார்கள்.