மொட்டைக்குச் சொன்ன பொய்

முதல் ஊசி போட்ட இரண்டு வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தால் நூல் மில்லில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். முழுக்க மழித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, பழனிக்குப் போய் வந்ததாகச் சொல்லிவிட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சாமிர்தம் வாங்கி, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். சூப்பர்வைசர் இரண்டாம் முறையும் கை நீட்டினார். முருகன் பேரிலேயே புளுகியிருக்கிறேன், என் துணிச்சலை என்னவென்று சொல்ல.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் எழவிடவில்லை. பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, தகவலும் சொல்லவில்லை. மில்லிலிருந்து பதிவுத் தபால் வந்தது. ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களாம். இன்னும் நான்கு ஊசி பாக்கி. வேலை போனால் தொழிலாளர் காப்பீட்டில் நடக்கும் வைத்தியம் என்னாகும்?

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். சாணார்பட்டியில் பஸ் ஏறியவள், உட்காரப் பிடிக்காமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கித் தொழிற்சங்க ஆபீசுக்கு நடந்தேன். செயலாளர் எங்கள் மில்லில் வேலை பார்ப்பவர்தான், என்னைவிடச் சின்னவர். மாதாமாதம் அவருக்குச் சந்தாவை முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தவள் நான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டர் சீட்டெல்லாம் எங்கக்கா?" என்றார்.

"பீரோல இருக்குப்பா. குடுத்தா தெரிஞ்சுபோகும்ல."

"அம்புட்டையும் பூட்டி வச்சுட்டு வந்து நிக்கிறீக. காப்பீட்டு டாக்டர் சீட்டுல நீங்க வைத்தியத்துல இருக்கிற வரைக்கும் உங்கள வேலையவிட்டு நிப்பாட்ட முடியாது, சட்டமே இருக்கு. ஆனா பழனிக்குப் போனவுகளுக்கு அந்தச் சட்டம் இல்லக்கா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் மேல்தான் ஆத்திரம்.

மறுநாள் மேனேஜர் அறையில் நின்றோம். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "இப்பவும் கோயிலுக்குத்தான் சார் போயிருப்பாங்க. போன தடவை பஞ்சாமிர்தம் நானே தின்னேன்" என்றார். செயலாளர் பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர், "நீங்களே சொல்லுங்கக்கா" என்றார்.

"கேன்சர் சார்."

வாய்விட்டு அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பீரோவிலிருந்து நான் எடுத்து வந்த சீட்டுகளைச் செயலாளர் மேசையில் வைத்தார். அப்புறம் பார்க்கலாம் என்ற மேனேஜரிடம், "எழுதிக் குடுங்க சார், நிக்கிறோம்" என்றார். எழுதித் தரும்வரை அசையவே இல்லை. மருத்துவ விடுப்பு, பெயர் நீக்கம் இல்லை என்று கையெழுத்தாகி வந்தது.

வெளியே வந்ததும், பக்கத்து மெஷினில் நிற்கிற பெண் என்னிடம் ஓடிவந்தாள். அதற்குள் மில் முழுக்கத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் ரெண்டு மாசமா ஒரு கட்டி இருக்கு. தங்கச்சிக்குப் பிரசவம்னு சொல்லி லீவு கேக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

செயலாளர் அப்போதுதான் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.