வினாகிரிக்கு மேலே ஊற்றியது

ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக் கொட்டிலில் ஸும்றாவுக்கு ஆறு வருட வேலை. அங்கிருந்து பாலாவி வரைக்கும், எதில் கறை பிடித்தாலும் பெண்கள் படம் எடுத்து அவளுக்குத்தான் அனுப்புவார்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, விருந்துக்குப் போன சட்டை, தண்ணீர் சுடவைக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளை. வேலைக்கு நடுவே குரல் பதிவில் பதில் சொல்வாள். எல்லாப் பதிலும் ஒரே இடத்தில்தான் முடியும்: "போகாட்டி, அதுக்கு மேலயே அடுத்தத ஊத்துங்க."

அன்று காலை கேட்டவள் தங்கை அஸ்ரியா. பாலாவியில் வாழ்க்கைப்பட்டவள். சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு வருத்தம். பல் கிளிப்பைக் கழற்றிய பிறகு, பற்கள் மறுபடி விலகாமலிருக்கப் போடும் ரிட்டெய்னர் அவளிடம் இருந்தது. கண்ணாடி போல இருந்த அது கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் கழுவிச் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது.

"ராத்தா, பிரஷ்ஷால தேச்சும் போகுதில்ல. நாளைக்குப் பல்லு டொக்டர்ட்டக் காட்டணும். ஏசுவாரு."

"சுடுதண்ணியில மட்டும் போட்டுராத, வளஞ்சி கொரங்குக்குத்தான் சரிவரும். அச்சாறுக்கு ஊத்துற வினாகிரியில ஊற வை. போகாட்டி, போன மாசம் போத்தல்ல தந்தேனே ப்ளீச், அத மேல ஊத்து. மூடிவை."

சொல்லிவிட்டு மறந்துவிட்டாள். படுக்கை விரிப்பின் துருக்கறைக்கு அவளே இதைத்தான் செய்து வந்தாள். கண் கொஞ்சம் எரியும். மணம் அடித்தால் மருந்து வேலை செய்கிறது என்பது அவள் கணக்கு. கொட்டிலுக்குச் சுவர் இல்லை. அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்களின் பட்டங்களைத் தூக்கும் காற்று எல்லாவற்றையும் கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

அன்று மணல் பறந்து ஈரத் துணியில் ஒட்டுகிறதென்று, கூட வேலை செய்யும் ஹாசிம் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தான். பதினொரு மணிக்கு ஸும்றா ப்ளீச் தொட்டியில் வினாகிரியை ஊற்றினாள். முதல் மூச்சு உள்ளே போனது. இரண்டாவது போகவில்லை. யாரோ தொண்டையைப் பிடித்துத் திருகுவது போலிருந்தது. தார்ப்பாய்க்கு அடியால் தவழ்ந்து மணலில் வந்து விழுந்தாள்.

"என்ன ராத்தா, சீலைய விட்டுட்டு ஒங்களையே வெளுக்கப் பாத்தீங்களா?" என்றான் ஹாசிம்.

அவள் காதில் அது விழவில்லை. லொறித் தூசிக்குப் பயந்து யன்னல் திறக்காத பாலாவி வீடு கண்ணுக்குள் வந்தது. கைபேசியைப் பார்த்தாள். தங்கை பதிவைக் கேட்டுவிட்டாள். நீலக் குறி விழுந்திருந்தது. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. நாலாம் முறை தங்கையின் புருஷன் றிஸ்மின் எடுத்தான்.

"மதினி, சுகமா?"

"அஸ்ரியா எங்க?"

"பாத்ரூம்ல. பல்லுச் சாமான் கழுவப் போனா. கொஞ்சம் இருமினா. இப்ப இல்ல."

"கதவ ஒடைங்க."

"என்ன கதை மதினி இது? உள்ள பொம்பள..."

"ஒங்கட பொஞ்சாதிதானே! ஒடைங்க! மூச்சப் புடிச்சிக்கிட்டு உள்ள போங்க!"

கைபேசி கீழே விழும் சத்தம். ஒரு உதை. இன்னொன்று. பலகை பிளந்தது. பிறகு றிஸ்மினின் இருமல் மட்டும் கேட்டது. ஸும்றா மணலில் முழங்காலிட்டபடி, தங்கையின் இருமலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

வெகுநேரம் கழித்து றிஸ்மினின் குரல்: "மூச்சு இருக்கு மதினி. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போறன்."

ஸும்றா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அஸ்ரியாவின் முகத்தில் மூச்சுக்குப் புகை மருந்து தரும் கவசம் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்ன கலந்தது என்று டொக்டர் கேட்டார். ஸும்றா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"கலக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது போலிருந்தது. நாளை வரை எதுவும் சொல்ல முடியாதாம். இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகையாம்; அதனால் நுரையீரல் மெல்ல மெல்ல வீங்கக்கூடுமாம்.

"நெஞ்சுல விசில் சத்தம் கேக்குதுதானே? கேக்குற வரைக்கும் காத்துப் போகுது. சத்தம் நின்டா ஒடனே கூப்புடுங்க," என்று தாதி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஸும்றா தங்கையின் நெஞ்சில் காதை வைத்தாள். மெலிந்த விசில் ஒன்று ஏறியது, இறங்கியது. மடியில் கைபேசி அதிர்ந்தது. எங்கோ யாருக்கோ ஏதோ கறை. அவள் எடுக்கவில்லை. அடுத்த விசில் வரக் கொஞ்சம் தாமதமானது. காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.