லிப்ராதோவின் வண்டி கொதிக்காது

பாலைவன நகரமான மெஹிகாலியில் ஜூலை மாதம் கல்யாணம் வைப்பவர்கள் இரண்டு வகை. வேறு வழியில்லாதவர்கள் ஒன்று. விருந்தாளிகள் வராமலிருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இன்னொன்று. யாதிராவின் மாப்பிள்ளை முதல் வகை. அவனுடைய தொழிற்சாலை ஜூலையில்தான் லீவு கொடுத்தது. அதனால் கல்யாணத்தை மலைக்கு அந்தப் பக்கம், காற்று வீசும் தெகாத்தேயில் வைத்துக்கொண்டார்கள். பெண்ணை யார் வண்டியில் கொண்டுபோவது என்பதில் அவள் அப்பா லிப்ராதோ கோத்தாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அவருக்கு ஒரே மகள். ஒரே வண்டி.

நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ அலுத்துப்போய் விற்ற வண்டி அது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நடுத்தெருவில் நின்றதில்லை. நிழலிலேயே ஐம்பது டிகிரியைத் தொட்டுப் பார்க்கும் ஊரில் இது சாதாரணமல்ல. வீட்டுக்கு இரண்டாவது அறை கட்டும் முன் அவர் வண்டிக்குக் கூரை போட்டார். குழந்தை சமையலறையில் தூங்கியது. வண்டி நிழலில் தூங்கியது. அந்த வெயிலில் பேட்டரி இரண்டு கோடை தாங்கும். மூன்றாவது கோடையில் அது சாகட்டும் என்று ஊரே காத்திருக்கும். லிப்ராதோ அது உயிரோடிருக்கும்போதே மாற்றிவிடுவார். மனைவி ஓர்த்தென்சியாவின் கடைவாய்ப் பல் விஷயத்தில் மட்டும், தானாக விழும்வரை பார்க்கலாம் என்றார்.

டயருக்குச் சூரியன் வருமுன் காற்று. முன்கண்ணாடிக்கு அட்டை. ஸ்டியரிங்கைத் தொட அடுப்பங்கரைக் கையுறை. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ரேடியேட்டரை அடைத்துவிடும் என்பதால் வண்டி காய்ச்சி வடித்த நீர்தான் குடித்தது. வீட்டில் குடிதண்ணீர்க் கேன் தீர்ந்த நாட்கள் உண்டு. ரேடியேட்டரின் கேன் தீர்ந்ததில்லை.

ஏசி எஞ்சினுக்குப் பாரம். ஆகவே வண்டி வாங்கிய வாரமே ஏசியின் பெல்ட்டைக் கழற்றினார். வீட்டில் கேட்டதற்கு, கெட்டுவிட்டது என்றார். அவருக்குக் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. பகல் முழுக்க பனிக்கட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தவருக்குச் சாயங்காலம் வண்டியின் சூடு இதமாக இருந்தது.

யாதிரா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உன் வண்டியிலயே வரேம்ப்பா. ஆனா ஏசி ஓடணும். இல்லன்னா மாமா வண்டி."

"ரொசெந்தோ வண்டியா? அது மலை ஏறி முடிக்கறதுக்குள்ள உனக்குக் கொழந்தையே பொறந்துரும்."

"குளுகுளுன்னாவது பொறக்கும்."

ரொசெந்தோ ஓர்த்தென்சியாவின் தம்பி. ஆளும் அவனுடைய பிக்கப் வண்டியும் ஒரே குணம். சீக்கிரம் கொதிப்பார்கள், சீக்கிரம் ஆறுவார்கள். அந்த வண்டியில் மகள் தேவாலயத்துக்குப் போய் இறங்குவதை லிப்ராதோவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புது பெல்ட் வாங்கி மாட்டினார். எஞ்சினிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டிருப்பார்.

அலங்காரக்காரி மலையேற மறுத்ததால் முகப்பூச்சு, கொண்டை, கவுன் எல்லாம் மெஹிகாலியிலேயே முடிந்தன. யாதிரா பின்சீட்டை முழுக்க நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் தாண்டி, வறண்ட உப்பு ஏரியின் வெள்ளை வெளியில் வண்டி ஓடியது. ஏசி ஜில்லென்று வீசியது. முன்சீட்டில் ஓர்த்தென்சியா காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லிப்ராதோ."

"ம்."

"இது எப்பச் சரியாச்சு?"

"நேத்து."

"என்ன ஆயிருந்துச்சு?"

"பெல்ட்டு இல்ல."

"எங்க போச்சு?"

லிப்ராதோ பொய் சொல்லிப் பழகாதவர். சொன்னது ஒன்றுதான், அது இருபத்தைந்து வருஷம் உழைத்துவிட்டது. "நான்தான் கழட்டினேன்" என்றார்.

"இவள வயித்துல வெச்சுக்கிட்டு ஆகஸ்ட் மாசம் இதே சீட்டுல உக்காந்திருந்தேன். அட்டையால விசிறிக்கிட்டு."

"வண்டி நின்னுச்சா?"

"இல்ல."

"அதான்."

ஓர்த்தென்சியா கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே பார்க்க உப்பைத் தவிர ஒன்றுமில்லை.

ருமரோசா மலை அடிவாரத்தில் மெஹிகாலிக்காரர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். சிலுவைக் குறி போடுவார்கள். ஏசியை அணைப்பார்கள். முதலாவதை மறந்தவர்கள் உண்டு.

"மேல போனதும் போட்டுர்றேன்" என்றார் லிப்ராதோ.

"மேல போற வரைக்கும்தான்" என்றாள் யாதிரா. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள்.

சில வளைவுகள் தாண்டியதும் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. நத்தையை அவமதிக்க வேண்டாம், அதைவிட மெதுவாகப் போனது. சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டியது. லிப்ராதோ யோசிக்கவில்லை. கை தானாகப் போய் ஹீட்டரைத் திருகியது. அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு காற்று உள்ளே வந்தது.

"என்னப்பா இது?"

"ஹீட்டர்."

"தெரியுது. எதுக்கு?"

"எஞ்சின் சூட்ட இழுத்து உள்ள விட்ரும். எஞ்சினுக்கு நல்லது."

"எனக்கு?"

அந்தக் கேள்வியை அவர் நேர்மையாகவே யோசித்தார். "கொஞ்ச நேரந்தான்."

கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. கண்மை இரண்டு கோடுகளாக இறங்கத் தொடங்கியிருந்தது. முள்ளும் தெரிந்தது. அது இறங்கத் தொடங்கியிருந்தது.

"அத அணைப்பா."

"அணைச்சா கொதிச்சிரும்மா."

"கொதிக்கட்டும்."

அப்படியொரு வாக்கியத்தை அந்த வண்டிக்குள் யாரும் சொன்னதில்லை. அவர் கை ஹீட்டரின் திருகு வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிட்டது.

"நிறுத்துப்பா. நான் எறங்கறேன்."

ஓரம் அகன்ற இடத்தில் நிறுத்தினார். பின்னாலேயே தன் பிக்கப்பில் வந்துகொண்டிருந்த ரொசெந்தோவும் நிறுத்தினான். மணப்பெண்ணைப் பார்த்தான்.

"மச்சான், பொண்ணத்தான கட்டிக் குடுக்கறோம். எதுக்கு வேகவெச்சு அனுப்பறீங்க?"

கவுனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு யாதிரா பிக்கப்பில் ஏறினாள். ஓர்த்தென்சியாவும் இறங்கிப்போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பிக்கப் ஏசியோடு, சட்டத்தை மீறி லாரியையும் முந்திக்கொண்டு போனது.

லிப்ராதோ தனியாக ஏறினார். ஹீட்டர் முழுவதும் திறந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. முள் நடுக்கோட்டுக்கு வந்து பூனை மாதிரிச் சுருண்டு படுத்தது. பொய் சொல்வானேன், ஒரு வளைவு முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

உச்சியில் பிக்கப் பானெட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் படியில் யாதிரா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். லிப்ராதோ பக்கத்தில் நிறுத்தினார். முகத்தில் பொங்கிய பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

"ஏறும்மா. இனிமே ஏத்தம் இல்ல. ஏசி போடலாம்."

யாதிரா அவரைப் பார்த்தாள். கோபம் போயிருந்தது. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

"மாமா வண்டி ஆறட்டும்ப்பா. அதுலயே வரேன். நீ கெளம்பு. எஞ்சின வெயில்ல நிறுத்தி வெக்காத."

அவள் சொன்னது சரிதான். உச்சிவெயிலில் நின்றபடி ஓடுவது எஞ்சினுக்குக் கெடுதல். அவர் காத்திருக்கலாமா என்று யோசித்தார். அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஓர்த்தென்சியா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கிளம்பினார்.

தெகாத்தே தேவாலயத்துக்குப் பாதிரியாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.

"பொண்ணு எங்க?"

"வந்துக்கிட்டிருக்கா."

"வண்டி எதாச்சும் கெட்டுப்போச்சா?"

"என் வண்டியா? அது கெடாது."

கேட்டவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு பிக்கப் வந்தது. யாரோ யாதிராவின் முகத்தைத் துடைத்துச் சரிசெய்திருந்தார்கள். ஓர்த்தென்சியா அவரைத் தாண்டி உள்ளே போனாள். லிப்ராதோ முழங்கையை நீட்டினார். யாதிரா பிடித்துக்கொண்டாள். ஏசியில் வந்த கை, ஜில்லென்று இருந்தது.

"வண்டி நல்லா வந்துச்சா?" என்றாள்.

"கொதிக்கவே இல்ல."

"நல்லது." வாசலைப் பார்த்தபடியே சொன்னாள். "திரும்பும்போதும் அம்மா மாமா வண்டியிலதான் வருவாளாம். சொல்லச் சொன்னா."

உள்ளே இசை ஆரம்பித்தது. லிப்ராதோவின் கை வியர்வையில் வழுக்கியது. அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.