யப்பானில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?

பிளேன் ரிக்கெற் விக்கிறது எண்டது, தான் ஒருநாளும் காலடி வைக்காத ஊரைப் பற்றி அங்க பிறந்தவனைவிட வடிவாக் கதைக்கிற தொழில். மேசைக்குப் பின்னால இருந்து சிரிச்சுச் சிரிச்சே தாடை நொந்த சனம் ஆராவது இதை வாசிச்சா, இது உங்களுக்குத்தான். மிச்ச ஆக்கள் சும்மா இருந்து கேளுங்கோ.

தொண்ணூறுகளின்ர நடுவில நான் மொன்றியலில ஒரு ட்ராவல் ஏஜென்சியில வேலை. முதலாளி ராகவன் சார், மெட்ராஸ்காரர், நகருக்கு வெளிய கர்க்லாண்டில வீடு, எஞ்சினியர் வேலையை விட்டுப்போட்டு இதைத் துவங்கினவர். அவர் என்னை எடுத்ததுக்கு ஒரே காரணம் என்ர வாய். எனக்கு ஆற்ற குரலும் வரும். வேலை கேட்டுப் போன அண்டைக்கு அவற்ற குரலிலயே அவருக்கு வணக்கம் சொன்னன். மனுசன் பின்னால திரும்பிப் பார்த்தார். அதுக்கு முதல் ரெண்டு வருசம் நான் ஒரு கம்பனியில கோழி வெட்டினனான். அங்க ஆரையும் சிரிக்க வைக்கேலாது, கோழி உட்பட.

அந்த வருசம் சாருக்கு யப்பானில ஒரு கடற்கரை ஊரோட தொடர்பு கிடைச்சுது. ஊருக்கு மினாமிஹாமா எண்டு பேர் வைப்பம். படப் புத்தகங்கள் கட்டுக் கட்டா வந்து இறங்கிச்சுது. மாசியில பிளம் பூ, பங்குனியில செரிப் பூ, கோடையில சாமிப் பல்லக்கைத் தோளில சுமந்து கடலுக்குள்ள இறக்கிற திருவிழா, அதே கிழமையில கடலுக்கு மேல வாணவேடிக்கை. மலையேறக் கம்பிவண்டி இருக்கு, கருவாட்டுக் கடைத்தெரு இருக்கு, வெந்நீர் ஊற்று இருக்கு. ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில 'ஜப்பான்' எண்டு ஒரு அட்டையை வைச்சு, அதுக்குப் பின்னால என்னை வைச்சார்.

வெடி

முதல் வந்து மாட்டினது யோகம் அக்கா. நகரத்தின்ர வடக்கில, மொன்றியல் நோர்ப் பக்கம் எங்கட ஆக்களுக்கு அவதான் எல்லாம். ஆற்ற கலியாணத்துக்கு எத்தனை பேர் போறது, செத்தவீட்டுக்கு ஆர் சமைக்கிறது எண்டு அவதான் முடிவெடுப்பா. லண்டனில ஒரு கலியாணத்துக்கு ரிக்கெற் எடுக்க வந்தவவை இழுத்து என்ர மேசையில இருத்தினன்.

வாணவேடிக்கையை வாயாலயே செய்து காட்டினன். விசில் மாதிரி மேல ஏத்தி, அங்கயே நிப்பாட்டி, அவவின்ர கை தானா நெஞ்சுக்குப் போகுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்து, பேந்துதான் வெடிச்சன். பல்லக்குத் தூக்கிறவையின்ர சத்தம், அலை, மேல வட்டமடிக்கிற பருந்து, ஒண்டும் விடேல்லை. அக்கா கண்ணில தண்ணி வரச் சிரிச்சா. இனியென்ன, பேரை எழுதுவம் எண்டு நான் பேனையை எடுத்தன். அவ லண்டன் ரிக்கெற்றை மடிச்சு ஹாண்ட்பாக்குக்குள்ள வைச்சா.

"வெடி நல்லாத்தான் இருக்குத் தம்பி. ஆனா யப்பானில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லாத ஊருக்குப் போய் ஆற்ற வீட்டில நிக்கிறது?"

தண்ணி

கார்ட்டியர்வில் பக்கத்தில இருந்து மாஸ்டர் வந்தார். ஊரில கணக்குப் படிப்பிச்சு இளைப்பாறின மனுசன், மூட்டுவலி. வெந்நீர் ஊற்றுப் படத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பார்த்தார். ஆவிக்குள்ள ஏழெட்டுத் தலை மட்டும் தெரியுது. உந்தத் தண்ணி மூட்டுக்கு நல்லதோ எண்டு கேட்டார். நல்லது எண்டன். என்ன உடுத்துக்கொண்டு இறங்கிறது எண்டு கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த நேரம் நான் இன்னும் அந்தளவுக்கு வளரேல்லை. ஒண்டும் உடுக்கக்கூடாது, ஆம்பிளையளுக்கு ஒரு தொட்டி, பொம்பிளையளுக்கு வேற தொட்டி, எல்லாரும் பிறந்த மேனிக்குத்தான் எண்டு மெதுவாச் சொன்னன். மாஸ்டர் படத்தைக் குப்புறக் கவிட்டு மேசையில வைச்சார்.

"நாற்பது வருசமாக் கூட இருக்கிற மனிசிக்கு முன்னாலயே நான் துவாய் கட்டித்தான் உடுப்பு மாத்துறனான்."

பதினைஞ்சு

வைகாசி முடியேக்க கோடைத் திருவிழாவுக்குப் பேர் குடுத்தவை ஒருத்தரும் இல்லை. பதினைஞ்சு பேர் எண்டு யப்பானுக்கு ஏற்கெனவே ஃபாக்ஸ் போட்டாச்சு. ராகவன் சார் கோவிக்கிற ஆள் இல்லை. கோவிச்சிருந்தா அண்டைக்கு நான் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன். எனக்கொரு கோப்பியை ஊத்தித் தந்து, முன்னால இருந்து, அன்பாச் சொன்னார்.

"ஜூன் கடைசிக்குள்ள பதினஞ்சு சீட் ரொம்பலைன்னா இந்த டெஸ்க்கையே எடுத்துடறேன். நீங்க மறுபடி கோழி வெட்டத்தான் போகணும், தப்பா நினைச்சுக்காதீங்க."

ஒருத்தர் இருக்கிறார்

லண்டன் கலியாணத்தால வந்த யோகம் அக்கா பலகாரப் பெட்டியோட ஒஃபிசுக்கு வந்தா. என்ர வாய் என்னைக் கேக்காமலே திறந்துது. அக்கா, மினாமிஹாமாவில எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார் எண்டன். பேர் துரைசிங்கம், கருவாட்டுக் கடையில வேலை. அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. இப்பவே கதைக்க வேணும் எண்டா.

ஒஃபிசில ரெண்டு லைன். பின்னால சாமான் அறையில இருக்கிற ஃபோனுக்கு மணிச்சத்தம் வராது. அந்த நம்பரை அடிச்சு, ரிசீவரை அக்காவின்ர கையில குடுத்து, நான் மூலையில இருக்கிற டெப்பனர் கடையில பால் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு முன்கதவால ஓடிப் பின்கதவால வந்து எடுத்தன். அங்க அப்ப சாமம், அதால நித்திரைக் குரல். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால ஒரு செக்கன் இடைவெளி விட்டன். கடல் தாண்டி வாற குரல் அப்பிடித்தானே வரும். அந்த ஒரு செக்கனுக்குள்ளதான் நான் அந்த மனுசனைச் செய்து முடிச்சது. எந்த ஊர் எண்டு கேட்டா. தீவுப்பக்கம், சின்னனிலயே கப்பல் ஏறினனான் எண்டன். கலியாணம் எண்டு கேட்டா. ஒரு செக்கனுக்குள்ள ஒரு மனிசியைச் செய்யேலாது. இல்லை எண்டிட்டன்.

பாலோட முன்கதவால திரும்பி வந்தன், மூச்சு வாங்குது. அக்கா கண்ணைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறா.

"பாவம் தம்பி, தனிச்ச மனுசன். பேர் எழுதுங்கோ, நான் அவருக்குக் கறித்தூள் இடிச்சுக்கொண்டு போறன்."

பொதிகள்

ஒரு கிழமையில பதினைஞ்சும் நிரம்பிச்சுது. துரைசிங்கத்தை உண்மையெண்டு நம்பின ராகவன் சார் என்ர தோளில தட்டினார். ஆனா வாற ஒவ்வொருத்தரும் துரைசிங்கத்துக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டுப்போட்டுத்தான் கையெழுத்து வைக்கினம். வடகம், எலுமிச்சங்காய் ஊறுகாய், வறுத்த மா, பருத்தித்துறை வடை. ஆளை ஊரைவிட்டு மாத்திப் பார்ப்பம் எண்டு துரைசிங்கத்தின்ர குரலில அக்காவுக்கு ஃபோன் எடுத்து, அந்தக் கிழமை கப்பல் வேலை வந்திட்டுது எண்டன். அதுக்கென்ன, நாங்கள் திகதியை மாத்திறம் எண்டா. அவசரமாக் கப்பலை ரத்துச் செய்தன்.

கடைசியா மாஸ்டர் வந்தார். துவாயோட இறங்க விடுவினமோ எண்டு துரைசிங்கத்திட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னார். பேந்து சட்டைப் பொக்கற்றில இருந்து மஞ்சள் பூசின ஒரு கவரை எடுத்தார். அவற்ற மனிசியின்ர கடைக்குட்டித் தங்கச்சி தவமணியின்ர சாதகம். கார்டெரி எண்ட பிள்ளைக் காப்பகத்தில பிள்ளையள் பார்க்கிறவ, முப்பத்தெட்டு வயசு. நான் தண்ணி குடிச்சன். புரைக்கேறிச்சுது.

"கப்பலில நிண்ட ஆள் எண்டாலும் பரவாயில்லை. ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத குரல் எண்டு யோகம் சொன்னவ."

திரும்பி வந்தினம்

அவை யப்பானில நிண்ட பத்து நாளும் ஃபோன் அடிக்க அடிக்க நான் செத்துச் செத்துப் பிழைச்சன். பதினோராம் நாள் யோகம் அக்காவும் மாஸ்டரும் கதவைத் திறந்துகொண்டு வந்தினம். வெயிலில கறுத்துப்போச்சினம். ராகவன் சார் எனக்கு முதல் ஓடிவந்து, துரைசிங்கம் நல்லாப் பாத்துக்கிட்டாரா எண்டு கேட்டார். நான் மேசையைப் பிடிச்சன். ஒரு நேரமும் பட்டினி கிடக்கேல்லை, பத்து நாளும் துரைசிங்கத்தாற்ற சாப்பாடுதான் எண்டா அக்கா. மாஸ்டர் தலையாட்டினார். பல்லக்குத் தூக்கினதையும், அலை இடுப்பளவுக்கு வந்ததையும், பக்கத்தில நிண்ட யப்பான்காரன் தன்ர தலைத்துணியைக் கழட்டி இவருக்குக் கட்டிவிட்டதையும் சொன்னார். சார் அந்தச் சந்தோசத்தில பிளம் பூவுக்கு அடுத்த குழுவை எழுதவெண்டு உள்ள போனார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அப்பிடியொரு ஆள் உண்மையாவே இருக்கிறானோ எண்டுகூட யோசிச்சிட்டன்.

அக்கா மெதுவாக் குனிஞ்சா. துரைசிங்கம் எண்டு பேர் எழுதின அட்டையோட பதினைஞ்சு பேரும் ஸ்டேசனில ரெண்டு மணித்தியாலம் நிண்டவையாம். ஸ்டேசன்காரன் பாவம் பார்த்துக் கதிரை கொண்டுவந்து போட்டவனாம். கருவாட்டுத் தெருவில ஒவ்வொரு கடையாக் கேட்டு, ஒவ்வொரு கடையும் கையை விரிச்சுதாம். அண்டைக்கு வெள்ளிக்கிழமை, ஹோட்டலில சூப்பிலயும் மீன், சோத்திலயும் மீன். அப்பத்தான் துரைசிங்கத்தின்ர பொதியளை அவிட்டவையாம். வெடி பார்த்தது, ஊறுகாயோட சோறு திண்டுகொண்டுதானாம். மாஸ்டரைச் சுடுதண்ணியில இருந்து எழுப்பத்தான் பெரிய பாடாம். துவாய்க்கு விடேல்லையாம், மனுசன் ரெண்டாம் நாளில இருந்து அதைப்பற்றிக் கதைக்கவே இல்லையாம். மாஸ்டர் ஜன்னலால வெளிய பார்த்துக்கொண்டு நிண்டார். நான் வேலையை விட்டிடுறன் அக்கா எண்டன். ஃபோனில கதைச்சது நான்தான் எண்டு அவவுக்கு எப்பவோ விளங்கிட்டுது; வேலையை விடுற கதைதான் காதிலயே ஏறேல்லை.

"இருக்கிறார் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டுப் போனனாங்கள், இப்ப இல்லையெண்டு சொல்லேலுமே? மாஸ்டரும் வெக்கத்தில சாதகத்தைக் குடுத்திட்டன் எண்டு வீட்டில சொல்லிப்போட்டார். சாதகம் பொருந்தேல்லை எண்டு அந்தப் பிள்ளைக்குத் துரைசிங்கம்தான் ஃபோனில சொல்லவேணும், மனம் நோகாமல்."

ஒரு ஃபோன்

சாமான் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். அக்கா தந்த கார்டெரி நம்பரை அடிச்சன். தவமணியை நான் ஒருநாளும் கண்டதில்லை. குறையெல்லாம் என்னிலதான், நான் கப்பலில ஊர் ஊராத் திரிஞ்ச ஆள், ஒரு வீட்டுக்கு உதவ மாட்டன், உங்களைப்போல ஒரு ஆள் எனக்காகக் காத்திருக்கக்கூடாது, உங்கட விருப்பம் என்னெண்டு கேக்காமல் சாதகத்தை வாங்கினதும் பிழைதான் எண்டு சொன்னன். துரைசிங்கத்தின்ர குரல்தான். ஆனா சொல்லு ஒண்டும் நடிப்பில்லை. இடைவெளி விடவும் மறந்துபோச்சு.

அந்தப் பக்கம் பிள்ளையள் பிரெஞ்சில சண்டை பிடிக்கிறது மட்டும் தூரத்தில கேக்குது. அழுறாவோ எண்டு பயந்து போனன். பேந்து, ஆறுதலா, ஒரு சின்னச் சிரிப்போட கதைச்சா.

"நான் ஒருத்தரிட்டயும் சாதகம் குடுக்கச் சொல்லேல்லை, அண்ணை. இவ்வளவு வருசத்தில என்ர விருப்பத்தை என்னட்டக் கேக்க வேணுமெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

வாயால உண்டாக்கின ஒரு மனுசன் அவனை உண்டாக்கினவனைவிட மரியாதையா நடப்பான் எண்டதுதான், ரிக்கெற் வித்த காலம் முழுக்க எனக்கு விழுந்த ஆகப் பெரிய அடி.