பட்டிருப்புப் பாலத்தில் ஒரு சிவப்பு வயர்

காலை பதினொரு மணிக்கு மட்டக்களப்புப் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டோம். வெல்லாவெளியில் என் தம்பி சுதாகரனை முந்தின நாள் வயல் வட்டைக்குள் பாம்பு தீண்டிவிட்டது. பின்னேரம் ஆமிக்காரர் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் மூன்று மணிக்கே பிரேதம் எடுப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்குள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

யுத்த காலத்தில் வாவிக்கு அக்கரையான படுவான்கரைப் பக்கம் வேன் விட யார் சம்மதிப்பார்கள்? காத்தான்குடி நிசார் காக்கா மட்டும், "செத்த வீட்டுக்குத்தானே தங்கச்சி, ஏறுங்க" என்றார்.

அந்த வீதியில் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். காவலரண் வந்தால் எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்துவைத்து, அடையாள அட்டையும் கையுமாக இறங்கி நடக்க வேண்டும். கல்லடியில் ஒன்று, ஆரையம்பதியில் ஒன்று. நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வேன் இருமியது. களுவாஞ்சிகுடிக்குக் கிட்டக் கரும்புகை கக்கி நின்றே போயிற்று. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது.

"இதென்ன காக்கா, ஓடுற வேனா, நிக்கிற வேனா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஏசாதீங்க தங்கச்சி. என்ன வருத்தமெண்டு அதுவே சொல்லும். உங்கட கொண்டை ஊசியத் தாங்க."

ஊசியை வளைத்து, பொனட்டுக்குள் இருந்த சின்னப் பெட்டியின் இரண்டு துளைகளில் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு இரண்டு தரம் மினுங்கிற்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு.

"இருவத்திரெண்டாம் நம்பர் வருத்தம். தண்ணிச் சூடு பாக்கிற சென்சர். எஞ்சின் கொதிக்குது, இது குளிரெண்டு சொல்லுது. பெற்றோல் அள்ளிக் குடிச்சு மூச்சடைக்குது."

சென்சர் வயர் அற்றிருந்தது. ரேடியோவிலிருந்து ஒரு சாண் சிவப்பு வயர் வெட்டி முடிந்து, டேப் சுற்றினார். ஒரே திருப்பில் எஞ்சின் எடுபட்டது. சந்தோசத்தில் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு தம்பியின் நினைவு வந்து அழுகையும் வந்தது.

பட்டிருப்புப் பாலத்தை அடைந்தபோது ஒரு மணி. இரண்டு பக்கமும் வாவி, நல்ல காற்று. திறந்துவைத்த பொனட்டுக்குள் பார்த்த சிப்பாய் சட்டென்று பின்வாங்கித் துவக்கை நீட்டினான். எண்ணெய் படிந்த பழைய வயர்களுக்கு நடுவே புத்தம்புதிதாகத் தெரிந்த சிவப்பு வயர்! அந்த நாளில் வாகனத்துக்குள் புது வயர் கிடந்தால் குண்டு என்றுதான் பொருள்.

காக்கா கைகளைத் தூக்கியபடி சிங்களத்தில் சொன்னார்: விளக்கு, இருபத்திரண்டு, கொண்டை ஊசி. சொல்லச் சொல்லத்தான் வினை கூடியது. வயர் வேலை இவ்வளவு தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். முகாமிலிருந்து பெரியவர் வந்து பார்க்கும்வரை ஒருவரும் அசையக் கூடாதாம்.

"நான் நடந்து போறன், விடுங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். காக்கா அதைச் சிங்களத்தில் சொன்னார். விடவில்லை. அந்தச் சிப்பாய் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெயிலில் குந்தியிருந்தேன்.

பெரியவர் வந்தார். குனிந்து பார்த்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போது நாலு மணியாகிவிட்டது.

வெல்லாவெளியில், மயானத்திலிருந்து திரும்பிய ஆண்கள் கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"ஏலுமான மட்டும் எடுக்க விடாம மறிச்சு வெச்சிருந்தம் புள்ள. என்னகா நடந்த?"

"வேன் பழுதாப் போச்சும்மா."

"திருத்த ஆளில்லையா?"

"திருத்தினதாலதான் அம்மா சுணங்கின. புது வயரக் கண்டு மறிச்சுப்போட்டானுகள்."

அம்மா என் கையைப் பிடித்தபடி வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள்.

"பழுதோடயே வந்திருக்கலாமே புள்ள" என்றாள்.