அழித்துவிட வேண்டிய குரல்கள்

பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில், பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சராக இருந்தேன். எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைகள்கூட ஒரு பத்தியைச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் நின்றுவிடுவார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு வாசிப்புக் கற்பித்தல் பற்றி பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம் படிப்பு நடத்துகிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் வகுப்பு.

முதல் நாளே விதிமுறைகளைச் சொல்லிவிட்டார்கள். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. செயல்முறைப் பயிற்சியை ஒரு பருவம் முழுக்க அவரவர் சொந்த வகுப்பில்தான் செய்ய வேண்டும். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகள் வாசிப்பதை போனில் பதிவு செய்யலாம். பெற்றோருக்குப் போட்டுக் காட்டலாம், ஆனால் யாருக்கும் அனுப்பக்கூடாது. பயிற்சி முடிந்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, பதிவுகளை அழித்துவிட வேண்டும். கேட்டபோது எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கடினமான சொல் வந்தால் மற்றப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் பார்க்கமாட்டாள். "இரு, இரு" என்று அந்தச் சொல்லிடமே சொல்லிவிட்டு, மெதுவாக அதைப் பிரித்துப் படிப்பாள். படித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு. பதிவில் அந்த மூச்சுகூடத் தெளிவாகக் கேட்கும்.

அவள் அம்மா பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்தாள். விடியுமுன் ரயிலேறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். சனிக்கிழமை காலைகளில் நானும் அதே பெட்டிதான். ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"எம் பொண்ணு படிக்கிறாளா டீச்சர்? நான் போறப்பவும் தூங்குறா, வர்றப்பவும் தூங்குறா. அது வாயால படிச்சு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டு, இயர்போனை அவள் காதில் வைத்தேன். சுற்றிலும் சீட்டாட்டமும் சிரிப்புமாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"யாரைப் பார்த்து இரு இருன்னு சொல்லுது?"

"அந்தச் சொல்லைத்தான்."

"நானும் அப்படித்தான் சொல்லுவேன் டீச்சர், அடுப்புல பால் பொங்கி வர்றப்ப" என்று சிரித்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்காக இடம் பிடித்து வைத்திருப்பாள். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் அந்த வாரத்துப் பதிவைக் கேட்டு முடித்துவிடுவோம்.

அந்த ஆண்டு மழையில் பள்ளிக் கூரை ஒரு பக்கம் இறங்கியது. பிள்ளைகளும் குறைவு. பழுது பார்ப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. தசரா விடுமுறை முடிந்து வந்தபோது எனக்கு வகுப்பு இல்லை. பிள்ளைகள் சிலர் கன்னடப் பள்ளிக்கும் சிலர் இங்கிலீஷ் மீடியத்துக்கும் போனார்கள். என்னை ராபர்ட்சன்பேட்டையில் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு மாற்றினார்கள். லீவு போட்டவர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

எங்கள் படிப்பை நடத்திய மேடம் கன்னடக்காரர், நல்ல மனுஷி. அவரிடம் போனேன். "பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள் மேடம். சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பயிற்சியை முடித்துவிடுகிறேன்" என்றேன். எனக்காக அவர் பல்கலைக்கழகக் குழுவில் பேசினார், ஒருமுறை அல்ல. பதில் மாறவில்லை. சொந்த வகுப்பு என்றால் ஒரு பள்ளி எனக்கு ஒப்படைத்த வகுப்பு. எனக்கு யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை.

"ஏனு மாடோது டீச்சர், என்ன பண்றது? ரூல்ல அப்படி இருக்கு" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரெக்கார்டிங்கையும் நீங்க அழிச்சுடணும்."

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதை ரயிலில் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு அனுப்பிடுங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போவுது?"

அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்றேன், கேட்டும் பார்த்தேன். பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்துப் படிக்கவைத்திருந்ததால் எல்லாப் பதிவிலும் இன்னொரு பிள்ளையின் குரலும் இருந்தது. பெற்றோர்கள் சம்மதித்ததும் படிப்புக்கு மட்டும்தான். கொடுக்க முடியாது என்றார்கள். மேடத்தின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். மேடம் ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். கடைசியாக ஒருமுறை கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அழிக்கமாட்டேன் என்று தோன்றியது, கேட்கவில்லை.

மறுவாரத்திலிருந்து எனக்குச் சனிக்கிழமை ரயில் இல்லை.

ஓராண்டுக்கு மேலாகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடு. சுவரில் புத்தர் படம், அதன் கீழே மகளின் புதுப் பள்ளி யூனிபார்ம் மாட்டியிருந்தது. பழைய தமிழ்ப் பாடப்புத்தகம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். "படிம்மா, உங்கம்மா போன்லயே பதிவு பண்ணிக்கலாம்" என்றேன்.

வளர்ந்திருந்தாள். புத்தகத்தைப் பிரித்தவள் முதல் வரியிலேயே தடுமாறினாள்.

"மிஸ், டச் விட்டுப்போச்சு. இப்போ இங்கிலீஷ், கன்னடம்தான். தமிழ் அங்க இல்ல" என்றாள். அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. திக்கித்திக்கி நான்கு வரி படித்தாள். பிறகு வெட்கப்பட்டுப் புத்தகத்தை மூடினாள்.

அம்மா தன் போனில் பதிவானதைப் போட்டுக் கேட்டாள். முழுதாகக் கேட்டாள், குறை ஒன்றும் சொல்லவில்லை. "பெரிய பொண்ணாட்டம் கீது குரலு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போட எழுந்தாள். டீ குடித்துக்கொண்டே மகளின் கன்னட மார்க்கைப் பற்றிப் பேசினோம். நல்ல மார்க்.

மேடம் இப்போதும் எப்போதாவது போன் செய்கிறார். பாடத்திட்டம் மாறியிருக்கிறதாம், முன்பு படித்தது கணக்கில் வராதாம், முதலிலிருந்து சேரச் சொல்கிறார். எனக்கு இப்போது ஒரு வகுப்பு ஒப்படைத்திருக்கிறார்கள், மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். விதிப்படி எந்தத் தடையும் இல்லை. பார்க்கலாம் மேடம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.