குடிக்காதவன் கையில் ஒரு கயிறு

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் சென்னையில் இருக்கிறது. மனிதக் கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் உண்டு. அப்படி ஒன்றின் மரபணுவை எடுத்துப் பூச்சியின் செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்லையே நொதி தயாரிக்க வைக்கிறார்கள். புகை விடும் ஐஸில், சின்னக் குப்பிகளில் அது எங்களுக்கு வரும். மருந்தை அதோடு கலந்து உடம்புச் சூட்டில் வைத்து, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது என் வேலை. ஒரே நொதியில் இரண்டு வகை வாங்குவோம். ஒன்று சுறுசுறுப்பு, இன்னொன்று மந்தம். சில பேருக்குப் பிறவியிலேயே மந்தமானதுதான் அமைகிறது. அதோடு கலந்த மருந்து கலந்தபடியே கிடக்கும். என் பொறுமைக்கு அது சுத்தமாக ஒத்துவராது.

என் தம்பி திருவண்ணாமலையில் அம்மாவோடு இருக்கிறான். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் காபிக் கடை ஒன்றில் வேலை பார்த்தான். கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்த பிறகு அவனுக்கு வலிப்பு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் வலிப்பு வந்ததும் மாத்திரையைக் கூட்டினார்கள். வலிப்பு அடியோடு நின்றது. அதனாலேயே அந்த மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை.

பிறகு அவன் நடை தள்ளாடியது. நாக்கு குழறியது. கடையில் தட்டோடு விழுந்தான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், கால் பின்னிச் சரிந்தான்.

"பௌர்ணமியும் அதுவுமா குடிச்சுட்டு வந்து கெடக்கிறான் பாரு" என்று சொல்லி யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அது கீழ்பென்னாத்தூரில் அவன் மாமனார் வீடு வரைக்கும் போனது. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அதனால் அம்மாவுக்கும் சாட்சி தேவைப்படவில்லை. குடியை விடுவதற்குக் கயிறு கட்டும் அம்மன் கோயிலுக்கு அவனை அழைத்துப் போனாள். பூசாரி கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினார்.

இதையெல்லாம் என்னிடம் போனில் யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"சத்தியம் வேற பண்ணியாமே?" என்று அவனிடம் பாய்ந்தேன்.

"தொடாதத எப்பிடிக்கா இனிமே தொடமாட்டேன்னு சொல்றது? அம்மா அழுதுச்சி. சொல்லிட்டேன்."

குழறிக் குழறித்தான் சொன்னான். ஆனால் வாயில் வாசனை இல்லை. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன். கண்மணிகள் நிலைகொள்ளாமல் துடித்தன. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். அந்த மருந்தை உடைக்கும் நொதி எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தினமும் என் கைக்கு வரும் குப்பியில் இருக்கும் அதே நொதிதான்.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவைவிட ரொம்ப அதிகமாக இருந்தது. "சில பேருக்கு இது மெதுவாத்தான் கழியும்மா. தேங்கிப் போயிருக்கு" என்று சொல்லி வேறு மருந்துக்கு மாற்றினார். மரபணுச் சோதனை எதுவும் நாங்கள் செய்யவில்லை. பெற்றவர்களிடமிருந்து அவனுக்கு வந்தது குடி இல்லை, அந்த மந்தம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொஞ்ச நாளில் தம்பி நேராக நடந்தான். கயிறு கட்டியதும் பையன் திருந்திவிட்டான் என்றது ஊர். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் கணவனையும் இழுத்துக்கொண்டு வந்து, எந்தக் கோயில் என்று விசாரித்தாள். அம்மா பெருமையாக வழி சொன்னாள். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்களாம். இவன் மரத்தடிக்கே போகாதவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை.

பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். அவன் மனைவியை உட்கார வைத்து, குப்பி, நொதி, மாத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊதச் சொன்னேன் அண்ணி. ஊதிக் காட்டினாரு. ஒரு வாசனையும் இல்ல. ஆனா வீடியோவ ஊரே பாத்துச்சே..." என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே குழந்தையோடு என்னுடன் கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம். இருக்கட்டும்."

"நீங்கதான் குடிக்கவே இல்லியே!"

"உனக்குத் தெரியும். இத அறுத்துட்டு வெளிய போனா, மறுபடி ஆரம்பிச்சுட்டான்னு சொல்லுவாங்க."

கத்தரிக்கோல் அலமாரிக்கே போனது.

அந்தக் கடையிலேயே அவனைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால், கயிறு வெளியே தெரியும்படி கையை மடித்துவிட்டுக்கொள்கிறான்.